டி அண்ட் டி-யில் (ஆளுக்கொரு பாத்திரமாய்ப் பகடை உருட்டிக் கதை நடத்தும் Dungeons & Dragons ஆட்டம்) பார்ட் (bard, பாட்டால் மந்திரம் போடும் பாணன்) பாத்திரம் எடுத்திருக்கிறேன். கவிதை எழுத வராது. மேசையில் என்ன பாடுவது, என்ன கதை சொல்வது?

முதலில் என் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் மாதம் இரண்டு ஞாயிறு ஆட உட்காருவோம். முதல் ஆட்டத்துக்கு இரண்டு ராத்திரி கண்விழித்து எட்டு விருத்தம் எழுதிக்கொண்டு போனேன். கம்பன் கழகத்து ஊர்க்காரன் என்ற மிதப்பு. மூன்றாம் விருத்தத்தில் ஒருவன் வெள்ளைப் பணியாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஐந்தாவதில் டி.எம். (ஆட்டத்தை நடத்துகிறவன்) பகடையைத் தள்ளி, "பங்காளி, மொதல்ல உருட்டு, அப்பறம் பாடு" என்றான்.

அதனால் உங்களுக்கு எழுத வராதது ஒருவகையில் நல்லதுதான். இரண்டு வரி போதும், அதுவும் எல்லார் காதிலும் ஊறிய மெட்டில். என் அப்பத்தா பாடும் "ஆரடிச்சு நீ அழுதே" தாலாட்டு இருக்கிறதே, மாமன் மல்லிகைப்பூச் செண்டால் அடித்தானா என்று கேட்டுக்கொண்டே போகுமே, அதைத்தான் ஹீலிங் வேர்ட் என்ற காயம் ஆற்றும் மந்திரத்துக்கு வைத்துக்கொண்டேன். கூட்டாளி குற்றுயிராய்க் கிடக்கும்போது:

ஆரடிச்சு நீ விழுந்தே, அடிச்சாரச் சொல்லி அழு
ஓர்க் அடிச்சானோ உலக்கைக் கட்டையாலே
கோப்ளின் அடிச்சானோ கோணக் கத்தியாலே

எதிரி மாறினால் பெயரை மாற்றி, அதற்கு மோனை சேர்கிற ஆயுதத்தைத் தேடினால் போதும். ஓ-வுக்கு உ சேரும், கோ-வுக்குக் கோ. (ட்ரோல் வந்தால்தான் திண்டாட்டம். தமிழில் 'ட்'டில் தொடங்க என்ன இருக்கிறது?)

வசையாலேயே எதிரியை அடிக்கும் விஷியஸ் மாக்கரி மந்திரத்துக்கு நம்மிடம் சரக்குப் பஞ்சமே இல்லை. வசை பாடக் காளமேகம் என்று சொல்லி வளர்ந்த கூட்டம் அல்லவா. 2014 விதிகளில் அது தொடக்கத்தில் நான்கு முகப் பகடை அளவுக்குத்தான் வலிக்கும், ஆனால் வசைபட்டவன் அடுத்து அடிக்கும்போது இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். ஓகர் என்ற அரக்கன் ஒருவனுக்கு நான் விட்டது:

வயிறு முன்னே வருது, வாளு பின்னே வருது
அறிவு நாளைக்கு வருமா, ஆளு விட்டுக் கூப்பிடவா?

ஊக்கப் பகடை கொடுக்கும்போது பாட்டே வேண்டாம். 60 அடிக்குள் இருக்கிற, உங்கள் குரல் கேட்கிற ஒருவருக்கு அவர் தன் உருட்டலோடு கூட்டிக்கொள்ள ஆறு முகப் பகடை ஒன்று தருகிறீர்கள். அவர் பாத்திரத்தின் பெயரையும் போன ஆட்டத்தில் அவர் செய்த காரியத்தையும் சேர்த்து ஒரு வரி சொன்னால், ஆடுகிற ஆள் நிமிர்ந்து உட்காருவார். பாணன் பாரியைப் பாடினால் பாரி கொடுத்ததைத்தான் பாடுவான். பொதுவாக "வீரனே, எழுந்திரு" என்றால் பகடையை வாங்கி வைத்துக்கொள்வாரே தவிர, காதில் ஏறாது.

கதைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: கேட்டவர்கள் அதை வைத்து ஆட்டத்தில் எதையாவது செய்ய முடிய வேண்டும். ஒருமுறை எங்கள் குழு ஒரு கோட்டைக்குள் மாட்டிக்கொண்டது. வெளியே முற்றுகை, உள்ளே சோறு இல்லை. எனக்குப் பறம்புமலை ஞாபகம் வந்தது. திருப்பத்தூர் தாண்டி சிங்கம்புணரிப் பக்கம் இருக்கிற பிரான்மலையைத்தான் பாரியின் பறம்பு என்கிறோம், பள்ளியில் ஏறிப் பார்த்த மலை. மூவேந்தர் வளைத்துக்கொண்டபோது பறவைகள் வெளியே போய் நெற்கதிர் கொத்தி வந்தன என்று அகநானூறு சொல்கிறது. மன்னன் பெயரை மட்டும் மாற்றி, ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தேன்.

ட்ரூயிட் (இயற்கை மந்திரக்காரன்) ஆடுகிற மாப்பிள்ளை பணியாரத்தைக் கீழே வைத்தான். "எங்கிட்ட விலங்குகளோட பேசுற மந்திரம் இருக்குல்ல?" டி.எம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கோபுரத்துப் புறாக்களைச் சம்மதிக்க வைக்க உருட்டலில் 15 வேண்டும் என்றான். என் ஊக்கப் பகடையையும் சேர்த்து 17 விழுந்தது. மூன்று நாள் தானியம் வந்தது. அன்றைக்கு நான் ஒரு வரிகூடப் பாடவில்லை.