'பிலவ்ட்' என்று தேடினால் பிரசங்கம் வருகிறதே!
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) நாவலில் நினைவும் அடிமைமுறையும் பற்றி எம்.ஏ. ஆய்வேடு எழுதுகிறேன். ஆய்விதழ்க் கட்டுரைகளின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் நாவலின் பெயரைப் போட்டால் கட்டுரைகள் மலைபோல் குவிகின்றன. பல, தேவாலயப் பிரசங்கமும் இரங்கல் குறிப்பும்தான். எப்படிக் குறைப்பது?
– மாணவி, லாஸ்பேட்டை

பதில்: ஜேஸ்டோர் தலைப்பில் மட்டுமல்ல, கட்டுரையின் ஒவ்வொரு வரியிலும் தேடும். 'பிலவ்ட்' ஆங்கிலத்தில் அன்றாடச் சொல். தமிழில் 'அன்பான' என்று தேடினால் கல்யாணப் பத்திரிகையெல்லாம் வந்து நிற்காதா, அந்தக் கதைதான் இது. நாவலுக்கு மட்டுமே உரிய சொல்லைப் பிடியுங்கள். மாரிசன் இந்நாவலில் புழங்கவிட்ட 'ரீமெமரி' (மறுநினைவு) என்ற சொல்லை அவர் பெயரோடு சேர்த்துத் தேடினால் வருவதில் பெரும்பகுதி உங்களுக்கு வேண்டியதாகவே இருக்கும். 1856இல் கென்டக்கியிலிருந்து ஒஹையோவுக்குத் தப்பியோடி, பிடிபடும் நேரத்தில் தன் மகளையே கொன்ற மார்கரெட் கார்னரின் பெயரும் நல்ல தூண்டில்; கதையின் வித்து அந்தச் சம்பவம்தான். பாத்திரப் பெயர்களில் 'டென்வர்' வேண்டாம், அந்த ஊர் முழுக்க வந்துவிடும்.

முழுப்பெயரையும் சொற்றொடரையும் இரட்டை மேற்கோளுக்குள் இடுங்கள். தேடுசொற்களைச் சேர்க்கவும் விலக்கவும் உதவும் அண்ட், ஆர், நாட் மூன்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும். சின்ன எழுத்தில் அடித்தால் ஜேஸ்டோர் அவற்றைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. நூல் மதிப்புரைகளை வடிகட்டி விலக்கினால் பட்டியல் இன்னும் இளைக்கும்.

ஆனால் ஜேஸ்டோரிலேயே தொடங்குவது எங்களுக்கு உடன்பாடில்லை. உங்கள் நூலகத்தில் எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) சர்வதேச நூற்பட்டியல் இருந்தால் அதிலிருந்து புறப்படுங்கள். 1926 முதலான இலக்கிய ஆய்வுகளை ஆட்களே படித்துப் பொருள்வாரியாகப் பிரித்த பட்டியல் அது. மேம்பட்ட தேடலில் 'முதன்மைப் படைப்பு' என்ற பெட்டியைத் தேர்ந்து நாவல் பெயரைப் போட்டால், அந்த நாவலைப் பற்றியவை மட்டும் வரும். பிரசங்கத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால் ஒன்று, அந்தப் பட்டியல் பெரும்பாலும் முகவரிதான் தரும், வீட்டைத் தராது. கட்டுரையைப் படிக்க ஜேஸ்டோருக்கோ, இன்னொரு இதழ்க் களஞ்சியமான ப்ராஜெக்ட் மியூஸுக்கோ போக வேண்டும். ஜேஸ்டோரில் பல இதழ்களுக்கு 'நகரும் சுவர்' உண்டு: கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டு இதழ்கள் இராது. கறுப்பின இலக்கியத்துக்கு முக்கியமான 'காலலூ' போன்ற இதழ்களின் புதிய கட்டுரைகளை மியூஸில் பாருங்கள். அதைப் பார்க்காமல் 'அண்மையில் யாரும் எழுதவில்லை' என்று ஆய்வேட்டில் எழுதிவிட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டுவீர்கள்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் திறக்கும் கட்டுரை, கடலூரில் வீட்டுக்கு வந்தால் பணம் கேட்கிறது. கட்டலாமா?
– முனைவர் பட்ட ஆய்வாளர், மஞ்சக்குப்பம்

பதில்: கட்டாதீர்கள். வளாகத்தில் இணைய இணைப்பின் ஐ.பி. முகவரியை வைத்தே தளம் உங்களை அடையாளம் காண்கிறது. வீட்டில், செல்போன் டேட்டாவில், அந்த அடையாளம் போய்விடும். வளாகத்திலேயே போனின் சொந்த டேட்டாவில் திறந்தாலும் இதே கதிதான். உங்கள் பல்கலைக்கழகம், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையமான இன்ஃப்ளிப்நெட்டின் 'இன்ஃபெட்' என்ற நுழைவு இணைப்பில் இருந்தால், தளத்தில் 'நிறுவனம் வழியாக நுழைக' என்பதை அழுத்திப் பெயரைத் தேர்ந்து, நூலகம் கொடுத்த கடவுச்சொல்லைப் போட்டால் போதும். கடவுச்சொல் இல்லையென்றால் நூலகரிடம் கேளுங்கள், அவர்தான் கணக்கைத் திறந்துவிட வேண்டும். அவசரத்துக்கு, ஜேஸ்டோரில் தனிநபராக இலவசக் கணக்கு தொடங்கினால் 30 நாளில் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், பிடிஎஃப் இறங்காது.

கேள்வி: அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் ஒரே கவிதைக்கு ஒரு கட்டுரையில் 712, இன்னொன்றில் 479 என்று எண் இருக்கிறது. எது சரி?
– கல்லூரி விரிவுரையாளர், நெல்லிக்குப்பம்

பதில்: இரண்டும். முதலாவது தாமஸ் ஜான்சன் 1955இல் பதிப்பித்த 1,775 கவிதைகளின் வரிசை. இரண்டாவது ஆர்.டபிள்யூ. ஃப்ராங்க்ளினின் 1998 பதிப்பு, அதில் 1,789. எண்ணை வைத்துத் தேடினால் பாதிக் கட்டுரைகள் நழுவிவிடும். அவர் பெரும்பாலும் தலைப்பு வைக்காதவர், ஆகவே முதல் வரியில் நான்கைந்து சொற்களை மேற்கோளுக்குள் போடுங்கள். கோடும் காற்புள்ளியும் வராத பகுதியாக எடுங்கள், பதிப்புக்குப் பதிப்பு அவை மாறும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன், எந்தக் கல்லூரியிலும் இல்லை. அமெரிக்கக் கவிஞர் விட்மனையும் பாரதியையும் ஒப்பிட்டு எழுத ஆசை. எனக்கு எதுவும் கிடைக்குமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: தாராளமாக. 1908 முதல் 1918 வரை பாரதி வாழ்ந்த புதுச்சேரியிலிருந்து இந்தக் கேள்வி வராமல் எங்கிருந்து வரும்! 'வால்ட் விட்மன் ஆர்க்கைவ்' இலவசத் தளம். அவருடைய கவிதை நூலான 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' கண்ட 1855 முதல் 1891–92 வரையிலான பதிப்புகள் அங்கே உள்ளன. பழைய அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'கிரானிக்ளிங் அமெரிக்கா'வும் இலவசம். ஒரு பொறி: அந்நூலில் உள்ள 'சாங் ஆஃப் மைசெல்ஃப்' கவிதைக்கு அந்தத் தலைப்பு 1881இல்தான் வந்தது. 1855இல் அந்தக் கவிதைக்குத் தலைப்பே இல்லை. 1870களின் விமர்சனங்களை அந்தப் பெயரில் தேடி ஏமாறாதீர்கள். நூலின் பெயரில் தேடுங்கள்.

நம் நாட்டு ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இயல்வாரியாக, இலவசமாக இருக்கின்றன. தரம் ஏற்ற இறக்கம்தான், ஆனால் கடைசியில் உள்ள நூற்பட்டியல் ஒன்றே தேடிய கூலிக்குக் காணும். பாரதியின் பெயரை ஆங்கிலத்தில் 'டி'யோடு 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும், 'யார்' விகுதியோடும் எழுதுவார்கள்; 'சுப்பிரமணிய'வுக்கும் இரண்டு மூன்று வடிவம் உண்டு. எல்லாவற்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றால் பாதி பாரதிதான் கிடைப்பார்.