வாசகர் கேள்வி – பதில்: ஹாலிவுட் வேலைநிறுத்தங்கள்

கேள்வி: 2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் ஒரே சமயத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சங்கம் எதற்கு, போராட்டம் எதற்கு?

பதில்: போஸ்டரில் முகம் வருகிற நடிகருக்குச் சங்கம் தேவைப்படாமல் இருக்கலாம், அவருக்காகப் பேரம் பேச ஏஜெண்டும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள். ஆனால் சாக்-ஆஃப்ட்ரா என்னும் நடிகர் சங்கத்தில் இருப்பவர்கள் ஏறத்தாழ 1,60,000 பேர். அச்சங்கத்தின் மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதி பெற 2023-இல் ஓர் ஆண்டுக்கு 26,470 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும் என்பது விதி. உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வரம்பைக்கூட எட்டுவதில்லை. வேலைநிறுத்தம் இவர்களுக்காகத்தான் நடந்தது. நட்சத்திரங்கள் மறியலுக்கு வந்து நின்றதால் செய்தியில் அவர்கள் முகமே தெரிந்தது.

சண்டையின் மையம் அன்றாடச் சம்பளம் அன்று. ஒரு தொடரையோ படத்தையோ ஒருமுறை எடுத்துவிட்டு நிறுவனம் அதைப் பல ஆண்டுகள் விற்றுக்கொண்டே இருக்கிறது; அப்படி மறுபடி பயன்படுத்தும்போதெல்லாம் எழுதியவருக்கும் நடித்தவருக்கும் ஒரு பங்கு வரவேண்டும் என்பது அங்கே நெடுங்காலமாக நிலைத்துவிட்ட ஏற்பாடு. இதை ரெசிடுவல் என்கிறார்கள். இரண்டு வேலைகளுக்கு நடுவே மாதக்கணக்கில் சும்மா இருக்க நேரும் தொழிலில், வீட்டு வாடகையைக் கட்ட உதவுவது இந்தத் தொகைதான். புதிய ஊடகம் ஒன்று வரும்போதெல்லாம் தயாரிப்பாளர் தரப்பு, “இதில் லாபம் வருமா என்று இன்னும் தெரியவில்லை, கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்வது வழக்கம். பொறுத்தவர்கள் ஏமாந்ததே வரலாறு.

வீடியோ கேசட் வந்த கதையைப் பாருங்கள். கேசட் தயாரிக்கும் செலவு அதிகம் என்று காரணம் காட்டி, வரவில் 80 விழுக்காட்டைக் கணக்கிலேயே சேர்க்காமல், மீதமுள்ள 20 விழுக்காட்டுக்கு மட்டும் ரெசிடுவல் கணக்கிடும் முறையைத் தயாரிப்பாளர்கள் கொண்டுவந்தார்கள். 1985-இல் எழுத்தாளர்கள் இதை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கி, உள்ளுக்குள்ளேயே பிளவுபட்டு, இரண்டே வாரத்தில் பணிந்தார்கள். விளைவு என்னவென்றால், விநியோகஸ்தருக்குப் பத்து டாலர் வந்தால் அதில் இரண்டு டாலர்தான் கணக்கு. அந்த இரண்டு டாலரில் ஒன்றரை விழுக்காடு, அதாவது மூன்று சென்ட், எழுத்தாளருக்கு. பிறகு தயாரிப்புச் செலவு பல மடங்கு குறைந்து டிவிடி காலம் வந்தபோதும் அதே சூத்திரம் அசையாமல் நின்றது. 2007 நவம்பரில் தொடங்கி 100 நாள் நீடித்த எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில் இணையத்தைப் பற்றி அவர்கள் அத்தனை பிடிவாதமாக நின்றதற்கு இந்தப் பழைய காயமே காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்து ஸ்ட்ரீமிங் வந்தது. தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்பு ஆகும்போதெல்லாம் பணம் வந்ததுபோல் இங்கே வரவில்லை. ஒரு தொடரை நூறு பேர் பார்த்தாலும் பத்துக் கோடிப் பேர் பார்த்தாலும் ஒரே நிலையான தொகைதான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை நிறுவனம் அப்போது பெரும்பாலும் வெளியே சொன்னதும் இல்லை. ஒரு பருவத்துக்கு 22 பகுதிகள் என்று இருந்த இடத்தில் 8 அல்லது 10 ஆனதால், எழுத்தாளருக்கு வேலை கிடைக்கும் மாதங்களும் குறைந்தன. ஆகவே மே 2 அன்று எழுத்தாளர்களும் ஜூலை 14 அன்று நடிகர்களும் வெளியேறினார்கள். முன்னவர்கள் 148 நாள், பின்னவர்கள் 118 நாள். ஒரு தொடரை உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 விழுக்காட்டுக்கு இணையான அளவினர் முதல் 90 நாளில் பார்த்தால் கூடுதல் தொகை தரவேண்டும் என்பது எழுத்தாளர்களுக்குக் கிடைத்தவற்றுள் ஒன்று. தொகை பெரிதன்று, ஆனால் பார்வையாளர் எண்ணிக்கையைச் சங்கத்திடம் காட்டியாக வேண்டிய நிலை முதன்முறையாக ஏற்பட்டதே, அதைத்தான் நான் பெரிய வெற்றியாகக் கருதுகிறேன்.

கேள்வி: ஆஸ்கர் விருது தரும் அகாடமி, தொழிற்சங்கங்கள் உருவாகாமல் தடுப்பதற்காகத் தொடங்கப்பட்டது என்று ஒரு நண்பர் சொன்னார். நம்பலாமா?

பதில்: பெரும்பாலும் நம்பலாம். 1926 நவம்பரில் தச்சர்கள், மின்பணியாளர்கள், பெயிண்டர்கள் போன்றோரின் சங்கங்களுடன் ஸ்டுடியோக்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியதாயிற்று. அடுத்து நடிகர்களும் இயக்குநர்களும் எழுத்தாளர்களும் சங்கம் வைத்துவிடுவார்களோ என்ற கவலையில், எம்.ஜி.எம். நிறுவனத்தின் லூயி பி. மேயர் 1927-இல் இவர்களையெல்லாம் தயாரிப்பாளர்களுடன் சேர்த்து ஒரே அமைப்புக்குள் கொண்டுவரும் யோசனையை முன்வைத்தார். தகராறு வந்தால் அகாடமியே பேசித் தீர்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. விருது அதன் பணிகளில் ஒன்றாக மட்டுமே இருந்தது. முதல் விருது விழா 1929-இல்தான் நடந்தது.

ஏற்பாடு ஆறு ஆண்டுகூடத் தாங்கவில்லை. பொருளாதார மந்தத்தின் நடுவே 1933 மார்ச்சில் ஊழியர் சம்பளத்தில் பாதிவரை எட்டு வாரத்துக்குக் குறைக்கப்பட்டபோது, அகாடமி யார் பக்கம் நிற்கிறது என்பது வெட்டவெளிச்சமாயிற்று. அதே ஆண்டிலேயே எழுத்தாளர்களும் நடிகர்களும் தனித்தனியே சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 1937-இல் ஸ்டுடியோக்கள் நடிகர் சங்கத்தை அங்கீகரித்தன. அகாடமி தொழிலாளர் விவகாரங்களிலிருந்து விலகிக்கொண்டது.

கேள்வி: அமெரிக்க அதிபராக இருந்த ரீகன் ஒரு வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினாராமே?

பதில்: ஆம், 1960-இல் நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது. திரைப்படங்கள் தொலைக்காட்சியில் காட்டப்படும்போது நடிகர்களுக்குப் பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. 1960 முதல் எடுக்கப்படும் படங்களுக்கு அது கிடைத்தது; அதற்கு ஈடாக 1948-க்கும் 1960-க்கும் இடைப்பட்ட படங்களின் உரிமையை விட்டுக்கொடுத்து, ஓய்வூதியம், மருத்துவ நிதி ஆகியவற்றுக்காக 22.5 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நடித்த பழைய நடிகர்கள் சிலர் கடைசிவரை இதை மன்னிக்கவில்லை. அதே ரீகன் 1981-இல் அதிபராக இருந்துகொண்டு, வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000-க்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கினார். 2023-க்கு முன்பு எழுத்தாளர்களும் நடிகர்களும் ஒரே நேரத்தில் வெளியேறியது அந்த 1960-இல்தான்.

கேள்வி: எழுத்தாளர், நடிகர் போராட்டம் நடக்கும்போது லைட்மேன், தச்சர், ஒப்பனையாளர் ஆகியோரின் கதி என்ன?

பதில்: படப்பிடிப்பு நின்றால் அவர்களுக்குக் கூலியும் இல்லை. போராட்டம் அவர்களுடையது அன்று, கோரிக்கையில் அவர்கள் பெயரும் இல்லை. ஆனாலும் மறியல் கோட்டைத் தாண்டி உள்ளே போக மறுத்தவர்கள் 2023-இல் ஏராளம். இவர்களுடைய சங்கமான ஐயாட்சி 1893-இல் நாடக அரங்கத் தொழிலாளர்களால் தொடங்கப்பட்டது. 2021-இல் இவர்களே வேலைநிறுத்தத்தின் விளிம்புவரை சென்றார்கள். வாக்களித்தவர்களில் 98 விழுக்காட்டினர் ஆதரவு தெரிவித்தனர். அவர்கள் கேட்டது முக்கியமாக உறக்கம். இரவு வேலை முடித்துவிட்டு, தூக்கக் கலக்கத்தில் காரோட்டி வீடு சேர்ந்து, சில மணி நேரத்தில் மறுபடி வந்து நிற்கவேண்டிய நிலை இருந்தது. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே பத்து மணி நேர ஓய்வு என்பது உறுதியானபின், குறித்த நாளுக்கு முன்பே சமரசம் ஏற்பட்டது. பத்து மணி நேரத்தில் போக்குவரத்தும் குளியலும் உணவும் போக உறக்கத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், அது சலுகை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்தச் சமரச ஒப்பந்தத்தை ஏற்பதா என்று நடந்த வாக்கெடுப்பில், உறுப்பினர்களின் நேரடி வாக்குகளைக் கூட்டினால் எதிர்ப்புதான் மயிரிழையில் அதிகம். கிளைச் சங்கங்களின் பிரதிநிதி வாக்குமுறையால் ஒப்பந்தம் நிறைவேறியது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக்கு எதிராக 2023-இல் உண்மையில் என்ன பெற்றார்கள்?

பதில்: தடை பெறவில்லை, நிபந்தனை பெற்றார்கள். இயந்திரம் எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கிட்டு, அவருக்கு உரிய பெயரையும் தொகையையும் குறைக்க முடியாது. அதைப் பயன்படுத்துமாறு அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அப்படி உருவான பிரதியை அவர் கையில் கொடுத்தால், அது எப்படி உருவானது என்பதைச் சொல்லியாக வேண்டும். நடிகர் விஷயத்தில், ஒருவருடைய முகத்தையும் குரலையும் கணினியில் பிரதியெடுத்துப் பயன்படுத்த அவருடைய சம்மதமும் ஊதியமும் தேவை. கூட்டத்தில் நிற்கும் துணை நடிகரை ஒரு நாள் ஸ்கேன் செய்துவிட்டுக் காலமெல்லாம் பயன்படுத்திக்கொள்வார்களோ என்ற அச்சம் அவர்களிடையே வலுவாக இருந்தது.

ஆனால் பழைய திரைக்கதைகளை ஊட்டி இயந்திரத்தைப் பழக்கலாமா, அதற்குக் காசு உண்டா என்ற கேள்வியை அந்த ஒப்பந்தம் தீர்க்கவில்லை. அதை எதிர்க்கும் உரிமை தனக்கு உண்டு என்று பதிவுசெய்வதோடு எழுத்தாளர் சங்கம் நிறுத்திக்கொண்டது. கேசட் காலத்தில் பட்ட அடியை நினைத்தால், அப்போதே இன்னும் அழுத்திப் பேசியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.