குளத்தில் தெரியும் பொய்ச் சுவர்

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன் நான். தண்ணீர் நிறைந்த சுண்ணாம்புக் குகைக்குள் போகும் ரோபோ எங்கள் இறுதியாண்டுத் திட்டம். நீச்சல் குளத்தில் சோதித்தபோது, சுவருக்குப் பின்னால் இன்னொரு சுவர் இருப்பதாக சோனார் காட்டுகிறது. விற்ற ஏஜெண்ட், 100 மீட்டர் எட்டும் விலையுயர்ந்த மாடலை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? (தெம்பனீஸ் வாசகர்)

பதில்: வாங்காதீர்கள், தம்பி. சோனார் பழுதில்லை. ஒலி போய்த் திரும்பும் நேரத்தைத்தான் அது அளக்கிறது. வழுவழுப்பான ஓடு பதித்த சுவர்களுக்கு நடுவே ஒலி பந்து மாதிரி மோதி மோதித் தாமதமாக வந்தால், அதையும் தூரம் என்றே எடுத்துக்கொள்கிறது. சுவரிலிருந்து ரோபோவை 1 மீட்டர் பின்னால் இழுத்துப் பாருங்கள். நிஜச் சுவர் 1 மீட்டர் விலகும். பொய்ச் சுவர் 2 மீட்டர் தாவும், இல்லையென்றால் அசையாமல் நிற்கும். ஒலி எந்த வழியில் மோதியது என்பதைப் பொறுத்தது அது. கெயினை, அதாவது திரும்பி வரும் ஒலியைப் பெருக்கும் அளவைக் குறையுங்கள். முந்தைய ஒலி அடங்கியபிறகு அடுத்ததை அனுப்புங்கள். கரடுமுரடான பாறை ஒலியைச் சிதறடிக்கும். குகையில் இந்தத் தொல்லை குறையும்.

100 மீட்டர் எட்டுவது உங்களுக்கு எதற்கு? குறுகலான குகையில் பாறை சில மீட்டரிலேயே இருக்கும். அதே ஏஜெண்ட் அடுத்து "நீருக்கடி ஜிபிஎஸ்" என்று ஒன்றை நீட்டுவார். ஜிபிஎஸ் அலை தண்ணீருக்குள் போகாது; அந்தக் கருவியும் ஒலியை வைத்துத்தான் இடத்தைக் கணக்கிடுகிறது. குகையின் முதல் வளைவிலேயே நேர்வழி மறைந்து, அது திண்டாடும். மார்ச் முடிவதற்குள் பட்ஜெட்டைத் தீர்க்க வேண்டுமென்று வாங்கிய அப்படி ஒரு பெட்டி, இன்னும் பிரிக்கப்படாமலே கிடப்பதை ஓர் ஆய்வுக்கூடத்தில் பார்த்தேன். மூன்று கொட்டேஷன் இருந்தால் கையெழுத்து கிடைத்துவிடுகிறது. அரைநாள் நீர்த்தேக்கத்தில் சோதிக்க மட்டும் நான் மாதக்கணக்கில் படிவம் நிரப்பினேன். எரிச்சலாக இருக்கிறது.

மெக்ஸிகோவின் சக்காத்தோன் நீர்க்குழி 300 மீட்டருக்கும் ஆழமானது. 2007இல் அதை வரைந்த டெப்த்எக்ஸ் ரோபோ, 54 குறுகிய சோனார் கதிர்களை வைத்து, தான் வரைந்த படத்தோடு புதிய எதிரொலிகளை ஒப்பிட்டே தன் இடத்தைக் கண்டது. தனியாக வந்த ஒரு எதிரொலியை நம்பவில்லை. உங்கள் காசையும் நேரத்தையும் அந்த ஒப்பீட்டு மென்பொருளில் போடுங்கள்.

ஒரு விலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கடலோரக் குகை. அங்கே நன்னீர் மேலே, உப்புநீர் கீழே என அடுக்காக நிற்கும். 28 டிகிரி நன்னீரில் ஒலி நொடிக்கு சுமார் 1505 மீட்டர் போகும். அதே சூட்டில் கடல்நீரில் சுமார் 1540. ஒன்றின் வேகத்தை வைத்து மற்றதில் கணக்கிட்டால், 20 மீட்டர் தூரத்தில் அரை மீட்டர் அளவுக்குப் பிசகும். குறுகலான வழியில் அது போதும், ரோபோ பாறையில் இடித்துக்கொள்ள. அதைவிட மோசம், மேலிருந்து மிகவும் சாய்வாகப் போகும் ஒலி இரண்டு நீரும் சந்திக்கும் எல்லையிலேயே மடங்கித் திரும்பிவிடும். இல்லாத தரையைக் காட்டும். குளத்தில் இதைச் சோதிக்கவே முடியாது. ஆகவே குகை கடலுக்கு எவ்வளவு பக்கம் என்று முதலில் பாருங்கள். பக்கம் என்றால், உப்பையும் வெப்பத்தையும் அளக்கும் சிறு கருவியைக் கயிற்றில் மீட்டர் மீட்டராக இறக்கி, குறித்துக்கொண்டபிறகே ரோபோவை விடுங்கள்.