"இல்லை என்று நீ நிரூபி" என்பது விடையாகுமா?

கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்தில் நிரூபிக்க வேண்டியவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். "கடவுள் இல்லை என்பதை நீ முதலில் நிரூபித்துக் காட்டு" என்று சொல்லி யாரோ உங்கள் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று அதிலிருந்து ஊகிக்கிறேன். ஒன்று உண்டு என்று முன்மொழிபவரே அதற்குச் சான்று தர வேண்டும் என்பதே என் விடை. இதைச் சொல்லும் நான் நாள்தோறும் திருநீறு அணிகிற சைவன். நாத்திகம் பரப்புவதற்காக எழுதுகிறேன் என்று யாரும் கருத வேண்டா.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் நடந்த சைவ சித்தாந்த வகுப்பு ஒன்றில், கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர், உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதற்கு என்ன ஆதாரம் என்று பணிவோடு கேட்டார். வகுப்பை நடத்தியவர், "இல்லை என்பதற்கு உன்னிடம் என்ன ஆதாரம்?" என்று திருப்பிக் கேட்டார், கூட்டம் கைதட்டியது, தம்பி உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து, "ஐயா, அவர் இல்லை என்று சொல்லவில்லையே, கேட்கத்தானே செய்தார்" என்றேன். "உங்களுக்கே நம்பிக்கை குறைந்துவிட்டதா?" என்பதுதான் எனக்குக் கிடைத்த மறுமொழி. அது இன்றும் என்னை உறுத்துகிறது. ஏனெனில் சைவம் அப்படிக் கேள்வியிலிருந்து நழுவிய சமயமே அன்று.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்னும் சைவ சித்தாந்த நூலைப் பரபக்கம் (பிறர் தரப்பு), சுபக்கம் (தம் தரப்பு) என்று வகுத்தார். பரபக்கத்தில், கடவுளை ஏற்காத உலகாயதர் தொடங்கிப் பிற மதத்தாரின் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்த பிறகும், எதிர்த்தரப்பு வீழ்ந்ததால் தம் தரப்பு வென்றுவிட்டது என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒன்றை அறிவதற்குரிய வழிகளான அளவைகள் எவை என்பதிலிருந்து தொடங்கி, சுபக்கத்தில் தம் கொள்கையைத் தனியே நிறுவினார். தனக்கென ஒரு கொள்கையை நிறுவாமல் பிறர் கொள்கையை மறுப்பதோடு நிற்கும் வாதத்துக்கு, பழைய தருக்க நூலான நியாய சூத்திரம் விதண்டை என்றே பெயரிட்டது. நியாய மரபில் வந்த உதயனர், இறைவன் உண்டு என்பதை நிறுவுவதற்கென்றே நியாய குசுமாஞ்சலியை இயற்றினார். நிறுவும் கடமை தமதே என்று ஏற்றுக்கொண்ட ஆத்திகர்கள் இவர்கள்.

பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே, தொலைநோக்கிக்கும் அகப்படாத சிறு பீங்கான் தேநீர்க் கெண்டி ஒன்று சூரியனைச் சுற்றுகிறது என்று தாம் சொன்னால், மறுக்க இயலவில்லை என்பதற்காகவே அதை நம்பிவிட முடியுமா என்று 1952இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எழுதினார். உலகுக்கே காரணமாகச் சொல்லப்படும் இறைவனை, எதற்கும் காரணமாகாத கெண்டியோடு ஒப்பிடுவது எனக்கு உடன்பாடன்று. ஆயினும் அந்த வேறுபாட்டை எடுத்துக்காட்ட வேண்டியவர்களும் நாங்களே.

இறைவன் அனுபவத்தால் உணரப்படுபவன், சான்றுக்கு அப்பாற்பட்டவன் என்போரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் ஒருவரின் அனுபவம் மற்றவரைக் கட்டுப்படுத்தாது. பிறரும் ஏற்க வேண்டும் என்று வாதத்துக்கு வருபவர் சான்றோடுதான் வர வேண்டும். இறைவன் இல்லவே இல்லை என்று அறுதியிட்டுச் சொல்பவருக்கும் இதே கடமை உண்டு. உங்கள் வாயை அடைத்தவரிடம் நீங்கள் எப்படிச் சொன்னீர்கள் என்பது உங்கள் கேள்வியில் இல்லை. ஐயத்தை மட்டுமே தெரிவித்திருந்தால், நீங்கள் நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லை.