எஸ்விஜியில் வரைந்தும் டூல்பார் ஐகான் ஏன் மங்கலாகத் தெரிகிறது?

24 பிக்சல் கட்டத்தில் வரைந்ததை 16-க்குச் சுருக்கினால் மங்குகிறது என்கிறீர்கள். எஸ்விஜி என்பது பிக்சலாக அல்லாமல் கோடுகளாகச் சேமிக்கும் பட வடிவம்; அது எந்த அளவுக்கும் வளையும், திரை வளையாது. உங்கள் 2 பிக்சல் கோடு 1.33 ஆகிவிடுகிறது, அந்த மிச்சம் பக்கத்துப் பிக்சலில் சாம்பலாகப் படிகிறது. அதுதான் மங்கல்.

16-க்குத் தனியாகவே வரையுங்கள், வேறு வழியில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் 1 பிக்சல் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: கோட்டின் தடிமன் பாதையின் (நீங்கள் வரையும் நடுக்கோட்டின்) இருபக்கமும் பாதிப் பாதியாக விழும். 1 பிக்சல் செங்குத்துக் கோட்டை இடமிருந்து 3-இல் வைத்தால் இரண்டு பிக்சலில் பரவும், 3.5-இல் வைத்தால் கச்சிதம்.

விண்டோஸில் திரை உருப்பெருக்கம் (ஸ்கேலிங்) 125% என்றால் 16-க்குப் பதில் 20, 150%-க்கு 24, 200%-க்கு 32 பிக்சல் தேவைப்படும். 24 கையில் இருக்கிறது. 32 என்பது 16-இன் சரியான இரட்டிப்பு, சிக்கலில்லை. 20தான் தலைவலி, கையால் திருத்தத்தான் வேண்டும்.