வாசல் பெயர்ப்பலகைக்கு எந்த மரம்?

வணக்கம் சார்,

கும்பகோணத்தில் புது வீடு கட்டியிருக்கிறோம். கடைக்கால் தோண்டும்போது அப்பா வைத்த வேப்பமரத்தை வெட்ட வேண்டியதாகிவிட்டது. அந்தப் பலகையிலேயே வீட்டுப் பெயரைச் செதுக்கி கேட் தூணில் மாட்ட ஆசை. ஆசாரி, "வேம்பு வெளியே தாங்காது, தேக்குதான்" என்கிறார். வேம்பைப் பூச்சி அரிக்காது என்பார்களே? மேற்கு பார்த்த வாசல்.

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

ஆசாரி சொல்வது சரி, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். வேம்பில் பூச்சித் தொல்லை குறைவுதான். கேட் தூணில் பலகையைக் கெடுப்பது மேற்கு வெயிலும் ஐப்பசி மழையும். நனைந்து உப்பி, காய்ந்து சுருங்கிக்கொண்டே இருந்தால் எந்தப் பலகையும் வளையப் பார்க்கும். வேம்பின் ரேகை, அதாவது மர இழை, பின்னிக்கொண்டு ஓடுவதால் முறுக்கலும் வெடிப்பும் கூடுதல். செதுக்கவும் சிரமம். ஓர் இடத்தில் உளி வழுக்கிக்கொண்டு போகும், அரை விரல் தள்ளிச் சிலாம்பு பெயரும்.

தேக்கு தாங்குவதற்குக் காரணம் அதன் வைரத்தில், அதாவது முற்றிய நடுமரத்தில், ஊறியிருக்கும் எண்ணெய்ப்பசை. அதைச் சுற்றியுள்ள வெளிறிய மரத்தை வெள்ளை என்போம், அதில் அந்த எண்ணெய்ப்பசை இல்லை. கறையான் வெள்ளையைத் தின்றுவிடும். இளம் தேக்கில் வெள்ளைதான் அதிகம். சாயம் பூசிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் பாலிஷ் போடாத பலகையாகக் கேட்டு, ஓரத்தையும் முதுகையும் திருப்பிப் பாருங்கள். வெளிறிய பட்டை ஓடினால் அதை அறுத்துத் தள்ளச் சொல்லுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த சாமான்கள் விற்கிறார்கள். ஒரு பர்மா தேக்குத் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். அது காய வேண்டியதெல்லாம் எப்போதோ காய்ந்து முடிந்திருக்கும். உள்ளே ஆணி ஒடிந்து கிடக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உளி முனை போய்விடும். தேக்கு கட்டுப்படியாகவில்லையா, பலா வைரம் எனக்குப் பிடித்த மரம். வீணை செய்கிற மரம்தானே, உளிக்கு நன்றாக இணங்கும். மஞ்சள் நிறம் போகப்போகப் பழுப்பாகிவிடும். தூணுக்கு மேலே சின்னக் கூரை மாதிரி ஏதாவது இருந்தால் பலாவே போதும்.

எழுத்தைப் புடைப்பாகச் செதுக்காமல் உள்ளே குழித்து எடுக்கச் சொல்லுங்கள். புடைப்பெழுத்தில் முதலில் போவது புள்ளிதான். தனியே நிற்கும் அந்தச் சின்னக் குமிழ் ரேகையோடு பெயர்ந்து விழும். 'இல்லம்' 'இல்லம' ஆகிவிடும். வார்னிஷ் வெயிலில் வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீர் தங்கும். ஆளிவிதை எண்ணெயை மழைக்கு முன்னால் ஆண்டுக்கொரு தடவை தேய்த்தால் போதும். பலகையின் இரண்டு முனைகளிலும் தாராளமாக விடுங்கள், தண்ணீரை அதிகம் குடிப்பது அந்த அறுப்பு முகம்தான். இரும்புத் திருகு வேண்டாம், தேக்கில் கறுப்பாகக் கறை இறங்கும், பித்தளை போடுங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே அரை அங்குலம் காற்றோட்டம் இருக்கட்டும்.

அப்பாவின் வேம்பை விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பலகையாக அறுத்து, நடுவே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் காய விடுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது கணக்கு. அப்புறம் அதே பெயரைச் செதுக்கிக் கூடத்தில் மாட்டலாம். வீட்டுக்குள் வேம்பு நன்றாகவே நிற்கும்.