பூச்சிக்கொல்லி கலந்த தீவனமும் எலியின் புரதமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிக்கொல்லி கலந்த தீவனம் தின்ற எலிகளின் ரத்தத்தில் மொத்தப் புரதம் குறைகிறது என்று படித்தேன். அது எங்கே போகிறது?

ரத்தத்தில் உள்ள முக்கியப் புரதமான அல்புமினைத் தயாரிப்பது கல்லீரல். அது அடிவாங்கினால் உற்பத்தியே குறையும். சிறுநீரகம் பழுதானால் சிறுநீரில் கசியும். எலி சரியாகத் தின்னாவிட்டாலும் குறையும். அதனால் மொத்தப் புரதம் என்ற ஒற்றை எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். அல்புமின், ரத்த யூரியா, சிறுநீர்ப் புரதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: டி.டி.டி. பூச்சிக்கொல்லி கொடுத்த எலிகளில் கல்லீரல் பெருத்திருக்கிறது. அளவீட்டுப் பிழையா?

இல்லை. நச்சை உடைக்கும் சைட்டோகுரோம் பி450 நொதிகளைக் கல்லீரல் கூடுதலாகத் தயாரிக்கிறது. அந்த நொதிகளும் புரதம்தான்; அவை கூடுவதால் கல்லீரலும் பெருக்கிறது.

கேள்வி: தீவனத்தில் புரதம் குறைந்தால் நஞ்சு அதிகம் தாக்குமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் எல்டன் பாய்ட் என்ற ஆய்வாளர் 1960களில் பால் மறந்த எலிக்குட்டிகளுக்கு 3.5% மட்டுமே புரதமுள்ள தீவனம் கொடுத்துப் பார்த்தார். கேப்டான் என்ற பூஞ்சைக்கொல்லியின் நச்சுத்தன்மை சுமார் 26 மடங்கு ஏறியது. நஞ்சைச் செயலிழக்கச் செய்யும் நொதிகளுக்கும், அதே வேலைக்கு உதவும் குளூட்டாதயோன் என்ற பொருளுக்கும் அமினோ அமிலங்கள் வேண்டும். அதிலும் கந்தகம் உள்ள சிஸ்டீன் முக்கியம்.

ஆனால் ஹெப்டாகுளோர் என்ற பூச்சிக்கொல்லியில் கதை தலைகீழ். அதைக் கல்லீரல் நொதிகள்தான் எபாக்சைடு என்ற இன்னும் கொடிய பொருளாக மாற்றுகின்றன. புரதம் குறைந்த எலியில் அந்த நொதிகளும் குறைவு, பாதிப்பும் குறைவு. எனவே எந்தப் பூச்சிமருந்து என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

கேள்வி: என் ஆய்வில் எலிகள் எடை இழந்தன. நஞ்சுதான் காரணம் என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள். மருந்து வாடை அடிக்கும் தீவனத்தை எலி ஒதுக்கும். நஞ்சு உண்ட எலி தின்ற அளவையே நஞ்சில்லாத இன்னொரு குழுவுக்கும் அளந்து கொடுங்கள். அந்தக் குழு இல்லாத ஆய்வில் பட்டினியையும் நஞ்சையும் பிரிக்க வழியில்லை. தீவனத்தில் கேசின் என்ற பால் புரதம் எத்தனை சதவீதம் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். பல கட்டுரைகளில் அந்த வரியே இல்லை. எனக்கு இது பெரிய குறை.

கேள்வி: அப்படியானால் நாம் புரதம் நிறையச் சாப்பிட்டால் காய்கறியில் உள்ள மருந்து பாதிக்காதா?

அப்படி நம்பிவிடாதீர்கள். பாய்ட் கண்டது புரதக் குறைவின் ஆபத்தை. தேவைக்கு மேல் தின்பதன் பாதுகாப்பை அல்ல. காய்கறியை ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.